ஒன்பது விநாடி

சந்தா கட்டிக் கேட்கும் இரண்டு வானொலிகளின் இணையதளங்களில் எது சுலபம் என்று ஆட்களை உட்கார வைத்து ஒப்பிடுவதுதான் அவளுடைய வேலை. போட்டிக் கம்பெனியின் தளத்தில் இரண்டே நிமிடத்தில் சந்தாவை ரத்து செய்யலாம். அவளுடைய கம்பெனியின் தளத்தில் காலையிலிருந்து ஆறு பேர் முட்டி மோதித் தோற்றிருந்தார்கள். மேலாளருக்கு அதில் ஏக சந்தோஷம்.

ஏழாவதாக, சோதனைக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சி அனுப்பியவர் தலை நரைத்த மனிதர்.

"இப்ப எங்க தளத்துல ரத்து பண்ணுங்க சார்."

அவர் தயங்கவே இல்லை. 'பிடித்த பாடல்கள்' பக்கத்துக்குள் நுழைந்து, அடியில் வெளிர் சாம்பல் நிறத்தில் பொடியாகக் கிடந்த 'ரத்து' என்ற சொல்லை அழுத்தினார். ஒன்பது விநாடி.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க எங்க சந்தாதாரரா சார்?"

"நான் ரேடியோவே கேக்கறதில்லம்மா."

"பின்னே எப்படி? இதுவே யார் கண்ணுலயும் படல. இதைவிட ஆழமா ஒளிக்கணும்னு என்கிட்ட வேலை குடுத்திருக்காங்க."

"அங்க ஒளிச்சு வெச்சதே நான்தான். ஆறு வருஷம் உன் நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன்."

அவர் எழுந்து கதவருகே நின்றார்.

"நல்லா ஒளிச்சு வைம்மா. ஆனா வேலை முடிஞ்சிடுச்சுன்னு மட்டும் சொல்லிடாத. நான் சொன்ன மறுநாளே என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

இன்னும் ஆழமாக ஒளித்த புதிய பக்கம் தயார் என்று அவள் ஏற்கெனவே மேலாளருக்கு எழுதி அனுப்பியிருந்தாள்; அரைமணி நேரம்கூட ஆகவில்லை.