வெள்ளைப் புகை

ஹெலிகாப்டர் முழங்கால் உயரம் எழும்பியது. ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. எஞ்சின் அணைய, மறுபடியும் புல்லில் உட்கார்ந்தது.

லிஜின் ரிமோட்டைக் கழுத்திலிருந்து கழற்றினான். காலையிலிருந்து இதே கதைதான்.

ஷார்ஜாவில் கூட வேலை பார்த்த ஒருவன் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன சின்ன ஹெலிகாப்டர் அது. பொம்மைதான், ஆனால் உண்மையான எஞ்சின், எண்ணெய் ஊற்றி ஓட்ட வேண்டும். லீவில் வந்ததிலிருந்து மணவாளக்குறிச்சி கோயில் மைதானத்தில் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நாளைக்கு அவன் திரும்ப விமானம் ஏற வேண்டும்.

"சத்தத்துலயே தெரியல்லியாலே? இது இனி தேறாது. நீ கொண்டு போ" என்றான் ஜெரிஷிடம்.

ஜெரிஷுக்கு நாகர்கோவிலில் ஃபேன்ஸி கடை. கண்ணாடி அலமாரியில் அழகுக்கு வைக்கலாம் என்று பைக்கில் வந்திருந்தான்.

லிஜினின் தங்கை பெபிஷாவுக்கு நெஞ்சு எரிந்தது. பறக்க வேண்டியதை அலமாரியில் வைப்பதா?

தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். எஞ்சினுக்குப் போகும் எண்ணெயைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னத் திருகு உண்டு. அண்ணன் அதை மூடிக்கொண்டே போவான். அவன் முகம் மலரும். அப்போதெல்லாம் பின்னால் துளிப் புகை இருக்காது. அடுத்த நிமிடம் எஞ்சின் நின்றுவிடும்.

அவள் எழுந்து போய் அவன் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கினாள்.

லிஜின் அவளையே பார்த்தான். பிறகு ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினான். ஒரேயொரு தடவை.

எஞ்சினைப் புறங்கையால் தொட்டாள். சுட்டது. ஆறும்வரை காத்திருந்து பிளக்கைக் கழற்றினாள். உள்ளே மயிர்போன்ற கம்பிச்சுருள் கருகி நெளிந்திருந்தது. அதை அண்ணனின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, புதியதை மாட்டினாள். திருகை நன்றாகத் திறந்துவிட்டாள்.

கிளப்பியதும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. ஹெலிகாப்டர் நனைந்த கோழிபோல் உடம்பை உதறியது. எழும்பவில்லை. ஜெரிஷ் சிரித்தான்.

எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, இறக்கை நின்றதும் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு அவள் திருகைக் கொஞ்சம் மூடினாள். உள்ளங்கையில் அதிர்வு மெலிந்தது. இன்னும் கொஞ்சம். புகை இளைத்து, நூலாகப் பிரிந்தது. அதிர்வு ஒரே சீரானது. இன்னும் மூடு என்று லிஜின் கை காட்டினான். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

தள்ளிப் போய் நின்று ரிமோட்டை மாட்டிக்கொண்டாள். மதியத்தில் அண்ணன் தூங்கும்போதெல்லாம் அவன் கம்ப்யூட்டரில் ஹெலிகாப்டர் விளையாட்டில் பறக்கவிட்டுப் பழகிய விரல்கள்.

முழங்கால் உயரம். இடுப்பு உயரம். தென்னை மட்டைகள் படபடக்க, தலைக்கு மேலே.

வெள்ளை நூலை இழுத்துக்கொண்டு அது நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

எண்ணெய் பாதி தீர்ந்தபோது மெல்ல இறக்கினாள். இறக்கை இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். பந்து விளையாடியவர்கள் விளையாட்டை விட்டுவிட்டு நின்றார்கள். மைதானத்துக்கு எதிரே வீட்டு வாசலில் அம்மா இசபெல் நின்றாள். எல்லோரும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

பெபிஷா அண்ணனிடம் திரும்பித் தன் காதைத் தொட்டு, விரல்களை விரித்துக் கேட்டாள். சின்ன வயதில் இருவரும் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சு அது.

அவ்வளவு சத்தமா போடுது?

லிஜின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் எட்டும் மட்டும் அகல விரித்துக் காட்டினான்.

பெபிஷா சிரித்தாள். ஊரே மறுபடி காதைப் பொத்த, ஹெலிகாப்டரை மேலே எழுப்பினாள்.