நைலான் வலைக்கு அந்தப்பக்கம்

மாலை வெயிலில் மணல் தகதகக்கிறது. மீன்கத்தியோடு பாய்ந்து வருகிறான் கிளாட்வின்; நேற்று அவன் தம்பியின் கையை வெட்டிய ரொசாரியோ வள்ளத்தோரம் நிற்கிறான். இருவருக்கும் குறுக்கே பழைய நைலான் வலை, கொழும்பு வரைக்கும் நீளும்போல விரிந்து கிடக்கிறது. ஒரு முனையை ஏட்டு பொன்னுதுரை தொப்பியைக் கழற்றிவிட்டுப் பிடித்திருக்கிறார். மறுமுனை சங்கத் தலைவர் ரோச் மடியில். காலையிலேயே மூவரும் பேசிவைத்த ஏற்பாடு. மூன்றாவது ஆள் மீன் ஏலம் கூவும் பிலோமி. அவள் அதட்டினால் கப்பலே திரும்பிப் போகும். நடுவில் உட்கார்ந்து பொத்தல் அடைக்கிறாள். விரித்த வலையை இந்தக் கரையில் எவனும் மிதிக்க மாட்டான். கிளாட்வினின் கால்விரல்கள் விளிம்பிலேயே நின்றுவிடுகின்றன.

“வலையச் சுருட்டுங்க மயினி!” அண்ணி முறையான பிலோமியிடம் கத்துகிறான்.

“ஏலே, கத்தி சும்மாதான இருக்கு? இந்த நூல அறுத்துக் குடு.”

ஏட்டு மீசைக்குள் சிரிக்கிறார். கிளாட்வின் முறைக்கிறான், பிறகு குனிகிறான். கத்தி நூலை அறுக்கிறது.

“இன்னும் நானூறு பொத்தல் கெடக்குலே, உக்காரு.”