சுட்ட செய்தி

ஓர் ஊரில் பானைகள் நிறைய இருந்தன, சூளைதான் இல்லை. பொதுச் சூளை ஒன்று கட்டுவதற்காக ஒரு கமிட்டி வீடு வீடாக வசூல் செய்துகொண்டிருந்தது. அதுவரை சுடாத பச்சைப் பானை ஒன்றும் அதன் மூடியும் ஒழுகும் கொட்டகையில் காத்திருந்தன. மழைக்கு முன் தீயைப் பார்க்காவிட்டால் இரண்டும் சேறுதான்.

கமிட்டி அறைச் சுவரில் குடியிருந்த பல்லிதான் அவற்றுக்குச் செய்தி சொல்லும். "நேத்து யார் தலைவர்னு சண்டை. இன்னைக்கு ரசீதுல யார் படம்னு சண்டை" என்று சொல்லிவிட்டுப் போகும்.

ஒருநாள் வானம் கறுத்தது. பல்லி மூச்சிரைக்க ஓடிவந்தது.

"சுட்டுட்டாங்க!"

"அப்பாடா!" என்றது மூடி. "சூளை கட்டியாச்சா, மாமா? சொல்லவே இல்லையே! முதல்ல யாரைச் சுட்டாங்க? அந்தப் பூந்தொட்டிங்களைத்தானே? அதுங்களுக்குத்தான் எப்பவும் சலுகை."

"பணத்தைச் சுட்டுட்டாங்க. தலைவரும் பொருளாளரும் பஸ் ஏறியாச்சு."

'சுடு' என்ற சொல்லுக்குத் திருடு என்ற பொருள் அகராதியில் இருந்தால் கடைசியில்தான் இருக்கும். இந்த ஊரில் அது முந்திக்கொண்டது.

கூரை வழியே விழுந்த முதல் துளி பானையின் தோளில் குழி பறித்தது.

"அக்கா, அடுத்த வருஷம் மறுபடியும் நம்மளப் பிசைவாங்கல்ல?" என்றது மூடி.

"பிசைவாங்க."

"மறுபடியும் பானையும் மூடியுமாவா?"

பானை கரைந்துகொண்டே யோசித்தது.

"இல்லடி, உண்டியலா. புதுக் கமிட்டி வசூலுக்குக் கிளம்பும்ல? உண்டியலுக்குச் சுடாத மண்ணே போதும், சுடப்போறது உள்ள இருக்கிற பணத்தைத்தானே."