ஒன்றரை மாத உபசாரம்

டாக்டர் லூர்துமேரி அறை விளக்கை அணைத்துவிட்டு, வீரம்மாளின் மார்புக்கு அடியில் டார்ச்சை வைத்து அழுத்தினார்.

வீரம்மாளுக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது.

திண்டிவனத்துக் கம்பவுண்டர் ஒருவர் மார்பிலிருந்த கட்டியைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கி ஒன்றரை மாதம் ஆகிறது. அன்றைக்கே வீட்டில் அவளைப் பாடையில் ஏற்றிவிட்டார்கள். ஒரு நல்ல டாக்டரிடம் காட்டலாமே என்று ஒரு வாய் சொல்லவில்லை. உபசாரம் மட்டும் குறைவில்லாமல் நடந்தது.

கேப்பைக் கூழில் உப்பு பத்தவில்லை என்று பதினாலு வருஷமாகக் கும்பாவை விட்டெறிந்த புருஷன் தாண்டவராயன், தினமும் ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தான். மாமியார் தலை வாரிவிட்டாள். வெட்டப்போகிற ஆட்டுக்குக்கூட இத்தனை தழை கட்டமாட்டார்கள்.

நிஜமாக அழுதவர் அப்பா ஒருவர்தான். வாரம் தவறாமல் திண்டிவனத்திலிருந்து அவள் வாழ்க்கைப்பட்ட வல்லத்துக்கு பஸ் ஏறி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருக்காகவாவது பிழைக்க வேண்டும் என்றுதான், இன்று யாரையும் கேட்காமல் விழுப்புரத்துக்குக் கிளம்பினாள். தாண்டவராயன் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தான்.

இருட்டில் மார்பு சிவப்பாகத் தெரிந்தது. கட்டி இருந்த இடத்திலும் வெளிச்சம் தடையில்லாமல் ஊடுருவி வந்தது.

டாக்டர் அதை மட்டும் வைத்து முடிவு கட்டவில்லை. பசையைத் தடவி, புதிதாக வாங்கியிருந்த ஸ்கேன் மிஷினை வைத்தும் பார்த்தார். திரையில் கறுப்பாக ஒரு வட்டம் வந்தது.

"டார்ச்சும் தண்ணிங்குது, ஸ்கேனும் தண்ணிங்குது. பயப்பட ஒண்ணுமில்லம்மா."

ஒரே ஊசியில் தண்ணீரை உறிஞ்சி எடுத்தார். கட்டி இருந்த இடம் தெரியவில்லை.

இதற்கா ஒன்றரை மாதம் சாவு வீடு கொண்டாடினார்கள்? வீரம்மாள் ஜாக்கெட்டின் கொக்கிகளை வெடுக்கென்று மாட்டினாள். எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்க வேண்டும். அப்பாவிடம் மட்டும் முதலில் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

வெளியே வந்து புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

தாண்டவராயன் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான். சிரிக்கவும் இல்லை, சாமியைக் கும்பிடவும் இல்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு, வழி தெரியாதவனைப் போல அவளிடமே கேட்டான்.

"தையில ஒந்தங்கச்சிய எனக்குக் கட்டிக் குடுக்கறதா ஒங்கப்பாரு தேதி குறிச்சிக்கினு வந்தாரே. அவருகிட்ட இப்ப என்னான்னு சொல்றது?"