வீட்டில் அடித்த பில்

பாடன் நகரத்தில் டொக்டர் கெல்லரிடம் காட்டிவந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வேறு டொக்டரிடம் போய்விட்டன. டொக்டரில் குறையில்லை. பில் அடிக்கிறவள் தமிழ்ப் பெண் என்பதுதான் குறை.

அவள் சுமித்ரா. ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டே ஜெர்மன் படித்து, கணக்கு வகுப்புக்கும் போய், தொண்ணூற்றேழில் சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். டொக்டர் எழுதிக் கொடுக்கும் சிகிச்சைக் குறிப்புகளைப் பார்த்து, வீட்டுக் கொம்பியூட்டரில் பில் தயாரித்து, நோயாளிகளுக்குத் தபாலில் அனுப்புவாள். கெல்லர் நல்லபடி சொன்னால் இன்னும் இரண்டு டொக்டர்மார் வேலை தருவதாக இருந்தார்கள்.

அவள் விட்ட பிழை ஒன்றுதான். எங்கள் சனம் பில்லைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருந்தது. அதைக் காப்புறுதிக் கம்பனிக்கு அனுப்பினால் காசு திரும்பி வரும் என்று பலருக்குத் தெரியாது. பாவம் பார்த்து, தமிழ் வீடுகளுக்குப் போகும் பில்லோடு விளக்கமாக நாலு வரி தமிழில் எழுதி வைத்தாள்.

அந்தத் தமிழைக் கண்டதும் பில் அடிக்கிறவள் யார் என்று சனம் விசாரித்துப் பிடித்தது. தங்கள் நோய் வருத்தம் இன்னதென்று இன்னொரு தமிழ் ஆளுக்குத் தெரிந்துவிட்டதே.

விஷயத்தைப் போனில் சொன்னவள் ஜெயகௌரி. முன்பு அதே குசினியில் சுமித்ராவோடு நின்றவள். அவளும் டொக்டரை மாற்றிவிட்டாளாம்.

"குறை நினையாதை பிள்ளை. வெள்ளைக்காரனுக்கு எங்கட வருத்தம் தெரிஞ்சால் தெரிஞ்சிட்டுப் போகட்டும். அவன் என்ன, கோயில் திருவிழாவுக்கு வரப்போறானோ?"

"நான் ஆரிட்டையாவது ஒரு சொல்லுக் கதைச்சனானோ அக்கா? என்ர மனுசனிட்டைக்கூட வாய் திறக்கேல்லை."

"நீ கதைக்கேல்லைத்தான். ஆனால் உனக்குத் தெரியுமெல்லே."

சுமித்ரா போனை வைத்துவிட்டாள்.

கெல்லர் மரியாதையாகத்தான் கூப்பிட்டுச் சொன்னார். வேலையில் ஒரு பிழையும் இல்லை, ஆனால் நோயாளிகளை இழக்க முடியாது, இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்றார். மற்ற இரண்டு டொக்டர்மாரிடமிருந்தும் அதன் பிறகு சத்தமில்லை.

கணவன் மதிவதனன் கொம்பியூட்டரைப் பழைய சீலையால் மூடினான். குசினியில் ஆள் தேவையாம், கேட்டுப் பார்க்கட்டோ என்றான்.

நித்திரை போனது. சாப்பாடு போனது. அடுப்பில் சோறு கருகினாலும் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் தூக்கிவிடப் போன சனமல்லவா தன்னைக் கெடுத்தது என்று தனக்குள்ளேயே முணுமுணுத்தாள்.

"மனதுக்குப் பார்க்கிற டொக்டர் ஒருத்தரிட்டைக் காட்டுவம்," என்றான் மதிவதனன். "இப்பிடியே விட்டால் நீ எனக்கு மிஞ்சமாட்டாய்."

பாடனில் வேண்டாம் என்றாள். தெரிந்த முகம் இல்லாத ஷாஃப்ஹவுசனில் ஒரு டொக்டரைத் தேடிப் பிடித்துப் போன் பண்ணினாள். அங்கே வரவேற்பில் இருந்த பெண் அன்பாகக் கேட்டு, வரும் வியாழக்கிழமையே வரச் சொன்னாள்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு சுமித்ராவுக்கு மூச்சு வந்தது. போனை வைக்கப் போனவள் ஒன்று கேட்டாள்.

"உங்களிடம் தமிழர் யாராவது வேலை செய்கிறார்களா?"

"இருக்கிறாரே," என்றாள் அந்தப் பெண், சந்தோஷமாக. "கலாவதி என்று, துப்புரவு வேலைக்கு வருகிறவர். மிக நம்பிக்கையானவர், ஒரு சொல் வெளியே போகாது. மொழிபெயர்க்க அவரைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் சுமித்ரா. "வியாழக்கிழமை நான் வரவில்லை. அந்த நேரத்தை வேறு யாருக்காவது கொடுங்கள்."