ஆறு ஹெச்.பி. போதும்

"பன்னிரண்டே நிமிஷம் சார்! இந்தக் கரையில கயித்தை இழுத்து ஸ்டார்ட் பண்ணினா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஏரிக்கு அந்தக் கரையில இருப்பீங்க!"

கடைக்காரம்மா இருபத்தைந்து ஹெச்.பி. எஞ்சினின் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினாள். இருபது வருடமாகப் படகு எஞ்சின் விற்கிறாள். ஆளைப் பார்த்தே எந்த எஞ்சின் என்று சொல்லிவிடுவாள். வந்தவருக்கு நாற்பது வயது, மடிப்புக் கலையாத சட்டை, நிதானமான பேச்சு. பெரிய எஞ்சின் கை மாறிவிட்டது என்றே நினைத்தாள்.

"நாலு ஹெச்.பி. இருக்காக்கா?" என்றார் அவர்.

அவளுக்குப் புரை ஏறியது. வாசலைப் பார்த்தாள். டிரெய்லரில் நின்றது அவர் படகு. பதினான்கு அடி நீளம், ஐம்பது வருடத்து மரப்படகு. பழைய பெயின்ட்டைச் சுரண்டி, பலகை மாற்றி, வார்னிஷ் பூசி, பித்தளைப் பூண்களைத் தேய்த்து வைத்திருந்தார். ஏழு மாத வேலையாம். விரல் இடுக்கில் வார்னிஷ் கறை இன்னும் போகவில்லை.

"இவ்வளவு அழகு பண்ணிட்டு நாலு ஹெச்.பி.யா? கோட்டு சூட்டு போட்டுட்டு ரப்பர் செருப்பு மாட்டின மாதிரி இருக்கும். இருபத்தஞ்சு வரைக்கும் தாங்கற படகு சார் இது. விலைக்காக யோசிக்கிறீங்களா?"

"விலை பிரச்சினை இல்லக்கா."

"தண்ணியில வேகமா போக பயமா?"

அவர் லேசாகச் சிரித்தார். "முன்னாடி நாற்பது ஹெச்.பி. ஓட்டினவன்தான் நான். பாலம் கட்டற வேலை. எங்கே போனாலும் ஓட்டம்தான். 'இதோ வந்துடறேன்'னு போன்ல சொல்லிச் சொல்லியே பத்து வருஷம் போயிடுச்சு. வீட்டுக்கு வர்றப்போ சாப்பாடு ஆறியிருக்கும். என்கிட்ட சொல்லணும்னு வச்சிருந்த பேச்சும் ஆறியிருக்கும்."

"அதுக்காக இனிமே நத்தை மாதிரி ஊர்ந்து போறதா? பெரிசையே வாங்குங்க, மெதுவா ஓட்டுங்க. வேகத்தைக் கூட்டறதும் குறைக்கறதும் உங்க கையிலதானே இருக்கு?"

"அது என் கையில இல்லக்கா" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை.

சரியான பிடிவாதக்காரர் என்று அவள் முணுமுணுத்துக்கொண்டாள். ஆனாலும் தொழில் தர்மம் விடவில்லை. "நாலு மட்டும் வேணாம் தம்பி. எதிர்க்காத்து அடிச்சா நடு ஏரியில நின்னுடுவீங்க. ஆறு எடுத்துக்கங்க."

அவர் முகம் சுருங்கியது. "ஆறுன்னா எத்தனை நிமிஷம் குறையும்?"

"பயப்படாதீங்க, பெரிசா ஒண்ணும் குறையாது. நாலும் சரி, ஆறும் சரி, இந்தப் படகைத் தண்ணிக்கு மேல தூக்கிட்டுப் பறக்காது. தண்ணியைத் தள்ளிக்கிட்டேதான் போகணும். காத்துல பின்வாங்காது, அவ்வளவுதான். அக்கரைக்கு எப்படியும் ஐம்பத்தஞ்சு நிமிஷம்."

"ஐம்பத்தஞ்சா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ ஆறே குடுங்க!"

இப்படி ஒரு வாடிக்கையாளரை அவள் பார்த்ததே இல்லை.

பின்கட்டில் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் எஞ்சினை மாட்டி ஓட்டிக் காட்டினாள். தண்ணீர் குமிழியிட்டுச் சுழன்றது. அவர் எஞ்சின் பக்கம் குனிந்து நின்றுகொண்டு, "அக்கா, நீங்க நாலு எட்டு தள்ளி நில்லுங்க. நின்னு ஏதாவது பேசுங்களேன்" என்றார்.

"என்னத்தைப் பேச?"

"எதுவானாலும். இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க, யார் கூட சண்டை, யார் கூட பேச்சு... கத்த வேண்டாம், சாதாரணமா."

"காலையில ஒண்ணும் சாப்பிடலை, பக்கத்துக் கடைக்காரன் வழியை மறிச்சு வண்டியை நிறுத்திட்டான், அவன் கூட சண்டை" என்றாள்.

"கேக்குது" என்றார் அவர். "ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது. நாற்பதுல ஒண்ணுமே கேக்காதுக்கா. திரும்பிப் பார்த்தா கூட வர்றவங்க வாய் அசையறது மட்டும்தான் தெரியும். சரி சரின்னு தலையாட்டிட்டு ஓட்டிட்டே இருந்தேன்."

பில் போட உட்கார்ந்தாள். அவர் தயங்கித் தயங்கி, "இன்னொரு உதவி. உங்க கடை லெட்டர் பேப்பர்ல ஒண்ணு எழுதித் தரணும். இந்தப் படகு, இந்த எஞ்சின், அக்கரைக்குப் போக ஐம்பத்தஞ்சு நிமிஷம், திரும்ப ஐம்பத்தஞ்சு நிமிஷம். கீழே கையெழுத்தும் சீலும் வேணும்" என்றார்.

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "வேகமா போகும்னு எழுதிக் குடுக்கச் சொல்றவங்க உண்டு. மெதுவா போகும்னு எழுதிக் கேக்கற முதல் ஆள் நீங்கதான். யார்கிட்ட காட்டப் போறீங்க இதை?"

"கோர்ட்ல."

"கோர்ட்லயா?"

அவர் வார்னிஷ் படிந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"விவாகரத்து ஆயிடுச்சுக்கா. பொண்ணு அவ அம்மாகூட இருக்கா, ஒன்பது வயசு. சனிக்கிழமை அவளுக்கு அக்கரையில பாட்டு கிளாஸ். நான் கூட்டிட்டுப் போய்க் கொண்டுவந்து விடலாம்னு தீர்ப்பு. மத்தபடி பார்க்கக்கூடாது, பேசக்கூடாது. போய் வர எத்தனை நிமிஷம்னு எஞ்சினைப் பார்த்துத்தான் கோர்ட்ல குறிப்பாங்க. படகுல போய் வர்ற நேரம் மட்டும்தான் அவ எனக்கு."