இரண்டு பேட்டரி வேன்

மாமியாரின் வேன் மூன்றாவது முறையாக ஸ்டார்ட் ஆகவில்லை. படுக்கை, அடுப்பெல்லாம் உள்ளேயே இருக்கிற பழைய வண்டி. இரண்டு நாள் தங்க வந்தவர், மூன்று வாரமாக மகன் வீட்டு வாசலிலேயே நிற்கிறார்.

மெக்கானிக் சீட்டைத் தூக்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரு பேட்டரி இன்ஜினுக்கு, இன்னொண்ணு உள்ளே ஃபேன், லைட்டுக்கு. வண்டிய நிறுத்தினதும் இந்த சுவிட்சை ஃபேன் பேட்டரிக்கு மட்டும் திருப்பணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். யாரோ ரெண்டையும் சேர்த்து விட்டிருக்காங்க. ஃபேன் ஓடி ரெண்டும் காலி!"

கையில் சோப்பு நுரையோடு ஓடி வந்தான் மகன். "ஏம்மா, நீ கைய வச்சியா?"

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவடா நான்! எனக்கா சுவிட்ச் தெரியாது?"

மெக்கானிக் இரண்டுக்கும் சார்ஜ் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். மகன் மனைவியின் காதோரம், "நாளைக்குக் காலையில அம்மா கிளம்பிடுவாங்க. உன் கஷ்டம் தீர்ந்துது" என்றான். அவள் பெருமூச்சு விட்டாள்.

"டேய், பாத்திரம் பாதியில கிடக்கு. உன் பொண்டாட்டியா வந்து கழுவணும்? போ!" என்று அம்மா அதட்டினார். கல்யாணமாகி ஒன்பது வருடமாக சிங்க் பக்கம் எட்டிப் பார்க்காதவன், இந்த மூன்று வாரப் பழக்கத்தில் நேராகப் பாத்திரம் கழுவப் போனான்.

குழாய்ச் சத்தம் கேட்டதும் மருமகள் நைசாக வேனுக்குள் ஏறினாள். சீட்டைத் தூக்கி, இரண்டு பேட்டரியும் சேரும்படி சுவிட்சைத் திருப்பினாள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு செருமல். மாமியார்!

"சுவிட்சை மட்டும் திருப்பிட்டுப் போனா பேட்டரி எப்படிம்மா இறங்கும்? ஒவ்வொரு தடவையும் நான்தான் ஃபேனைப் போட்டுவிட வேண்டியிருக்கு."